கண்டி வீதியின் மறுமுனை

பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று ஏ-9 பாதையோரம் வாழும் எங்களுக்கு அந்தப் பாதை 'கண்டி வீதி'தான். கடைகளின் பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருக்கிறது. கலியாணக் காட்டிலும் மரண அறிவித்தலிலும் நிவாரண அட்டையின் முகவரியிலும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறோம். யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையே அது ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடுகிறது.

1990களில் போரினால் துண்டுபட்டுக் கிடந்த இந்த வீதி, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் மீண்டும் திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் பைகளைக் கொட்டிக் காட்டிவிட்டு வரிசையில் நின்ற நாட்களை எம்மில் யாரும் மறக்கவில்லை. ஆனாலும், இந்த வீதி போய் முடிகிற ஊரைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் கிராமத்தில் மிகக் குறைவு. ஆஸ்பத்திரிக்கும் பாஸ்போட்டுக்கும் கொழும்புக்குப் போவோம். கண்டிக்குப் போக எங்களுக்கு என்ன அலுவல் இருந்தது?

2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளி அந்த அலுவலைத் தந்தது.

மலையேறிய சூறாவளி

சூறாவளி என்றால் கடற்கரைக்காரருக்கு உரியது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் மன்னார்ப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். தென்னைகள் தலையில்லாமல் நின்ற கதையை அந்தப் பக்கத்து அம்மாமார் இன்றும் சொல்வார்கள். அவை காற்றினால் வந்த அழிவுகள்.

டித்வா அப்படியல்ல. நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையால் நுழைந்து, வடக்கு நோக்கி மெதுவாக நகர்ந்தது. அது கொண்டுவந்தது காற்றைவிட மழை. சில இடங்களில் 24 மணித்தியாலத்தில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மலைச்சரிவுகளில் அந்தத் தண்ணீர் இறங்க, மண் வழிந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். காணாமற்போனோர் வேறு. இறந்தவர்களில் 200 பேருக்கு மேற்பட்டோர் கண்டி மாவட்டத்தவர்கள். கடலிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கும் ஒரு மலை மாவட்டத்தில்தான் சூறாவளி அதிகம் பேரைக் கொண்டுபோனது. உலக வங்கி அந்த டிசம்பரில் வெளியிட்ட கணக்கில் நாட்டின் நேரடிச் சேதம் 410 கோடி அமெரிக்க டொலர். அதிலும் முதலிடம் கண்டி மாவட்டத்துக்கே.

எங்கள் பக்கமும் தப்பவில்லை. நாயாற்றுப் பாலம் உடைந்தது. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வயல்கள் கடலாகின. யாழ்ப்பாணம் நோக்கி வந்த பஸ் ஒன்று கலா ஓயா வெள்ளத்தில் சிக்க, அதிலிருந்த 70 பேரளவில் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி இரவைக் கழித்தார்கள். கடற்படையினர் வந்து அவர்களை மீட்டார்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரரோடு பேசாமலே வந்தவர்கள்கூட இருந்திருப்பார்கள். கூரையில் ஏறிய பிறகு யார் தமிழர், யார் சிங்களவர், யார் முஸ்லிம் என்று பார்க்க அங்கே இடம் இருக்கவில்லை.

அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்ட அன்றுதான் எங்கள் மாதர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. "எங்களுக்கு ஆக்கள் தந்தவை. இப்ப நாங்கள் குடுக்கிற முறை" என்றார் தலைவி அக்கா.

பொட்டலங்களில் என்ன இருந்தது

அரிசி, பருப்பு, சீனி, மா எல்லாம் எல்லாரும் அனுப்புவார்கள். முகாமில் இருந்தவளுக்குத்தான் முகாமில் எது இல்லாமற்போகும் என்று தெரியும். 2009இல் செட்டிகுளத்தில் மெனிக்பாம் முகாமுக்குள் போனபோது எங்களுக்குத் தேவைப்பட்டது எது என்று ஒவ்வொருத்தியும் சொல்ல, ஒருத்தி கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்த பட்டியல் இது: உள்ளாடைகள், அளவு வாரியாக. மாதவிடாய்த் துணிகள். இரவுச் சட்டை. மூடியுள்ள வாளி. ரோச் லைட். சிறிய கத்தி. ஊசியும் நூலும். சீப்பு, பேன் சீப்பு. குளிக்கும்போது மறைப்புக் கட்ட ஒரு தடித்த துணியும் கயிறும். பத்திரங்களை வைக்க சிப் போட்ட பொலித்தீன் உறை. சின்னப் பூட்டு ஒன்று.

பூட்டு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டாள். "பையைப் பூட்ட. ஒரு பையாவது என்ரை எண்டு இருந்தாத்தான் மனுசிக்கு நித்திரை வரும்" என்றார் இன்னொருத்தி. அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மேலதிகமாக எங்கள் ஊர்ச் சாமான்கள்: கருவாடு, மோர்மிளகாய், புழுக்கொடியல், ஒடியல் மா. காசு பெரிதாகச் சேரவில்லை. தையல் தெரிந்தவர்கள் துணிகளைத் தைத்தோம். 2026 ஜனவரியில், தைப்பொங்கல் முடிந்து சில நாட்களில், ஏழு பெண்கள் ஒரு வானிலும் சாமான்கள் ஒரு பட்டா வாகனத்திலுமாகப் புறப்பட்டோம்.

எங்களில் ஒருவர் பாரதிபுரத்து அக்கா. 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. இப்படி வந்தவர்கள்தான் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அக்கா வன்னியில் பிறந்தவர். 46 வயதுவரை மலையைப் பார்த்ததில்லை. ஆனால் தாயின் வாயிலிருந்து ஒவ்வொரு வளைவையும் கேட்டு வளர்ந்தவர்.

வீதியே சொல்லும் கதை

தம்புள்ளை தாண்டியதும் வெயிலின் நிறம் மாறுகிறது. நாலந்தவைக் கடந்தால் மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரம் தெரிந்ததும் பாரதிபுரத்து அக்கா வானை நிறுத்தச் சொன்னார்.

இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து வந்தது இந்த மாத்தளைக்குத்தான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வருகையின் 200ஆவது ஆண்டை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்து வந்தார்கள். அக்கா ஒரு சூடம் கொளுத்திவிட்டு, "எங்கட ஆக்கள் ஒருக்கா மேல நடந்தவை, ஒருக்கா கீழ ஓடினவை" என்று மட்டும் சொன்னார்.

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில்தான் அலவத்துகொடை. நவம்பர் மண்சரிவில் அந்தப் பக்கத்துக் கிராமமொன்றில் வீடுகள் மனிதரோடு புதைந்தன. வீதியிலிருந்து பார்க்கும்போது பச்சை மலையில் யாரோ கத்தியால் கீறிவிட்டதுபோல் செம்மண் கோடுகள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிய சின்னப் பிள்ளை ஒருத்தி பத்துக்கு மேல் எண்ணாமல் விட்டாள். அடுத்து அக்குறணை. பிங்கா ஓயா பெருகினால் கடைவீதிக்குள் வெள்ளம் வருவது அங்கே பழக்கம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்தோம். நாட்டின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீற்றர். அன்றைக்கு அது சாதுவாக, மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நவம்பரில் இதே ஆறுதான் கம்பளை நகரை மூழ்கடித்தது. பேராதனையில் ரயில் பாலத்தைச் சிதைத்தது. பிறகு மலையிறங்கி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை நோக்கிப் போகும் வழியில் வெருகல், மூதூர்ப் பக்கத்து மக்களையும் இடம்பெயர வைத்தது. அந்த வெள்ளத்தில் மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்தது. மாவிலாறு என்ற பெயர் எங்களுக்குப் புதிதல்ல. 2006 ஜூலையில் அதன் மதகு மூடப்பட்டபோது தொடங்கிய சண்டைதான் கடைசியில் எங்களை முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய் விட்டது. கண்டியில் பெய்யும் மழை அந்த மாவிலாற்றுப் பக்கம்தான் போகிறது என்று பாலத்தில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு மண்டபத்தில் பதினேழு குடும்பங்கள்

நாங்கள் போனது கண்டிக்கு வெளியே ஒரு பொது மண்டபம். பாடசாலைகளிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் கோயில்களிலும் தங்கியிருந்தவர்களில் பலர் அதற்குள் உறவினர் வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் போய்விட்டார்கள். போக வழியில்லாதவர்கள் மிஞ்சியிருந்தார்கள். அந்த மண்டபத்தில் பதினேழு குடும்பங்கள். தோட்டத்து லயங்களிலிருந்து வந்த தமிழர்கள், மேல் கிராமத்துச் சிங்களவர்கள், ஆற்றோரத்து முஸ்லிம் குடும்பங்கள் இரண்டு. நவம்பர் 28க்கு முன் இவர்கள் ஒரே சந்தையில் மரக்கறி வாங்கியிருப்பார்கள். ஒரே பஸ்ஸில் போயிருப்பார்கள். பெயர் தெரியாது.

முதல் மூன்று நாள் கதையை அவர்கள் மாறிமாறிச் சொன்னார்கள். கரண்ட் இல்லை. போன் இல்லை. இரண்டு பக்கமும் பாதை மூடிவிட்டது. முஸ்லிம் வீட்டுக்காரர் ஒருவர் கடையைத் திறந்து, நனையாமல் மிஞ்சிய அரிசி மூட்டையைக் கொண்டுவந்தார். பெரிய கிடாரம் பள்ளிவாசலிலிருந்து வந்தது. விறகு விகாரையிலிருந்து. சமைத்தது லயத்துப் பெண்கள். தோட்டத் திருவிழாவுக்கு நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை அவர்களுடையது. பிறகு, கம்பளைப் பக்கத்து வீடுகளிலிருந்து சேற்றை அள்ள வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் லொறிகளில் வந்தார்களாம். யார் பிள்ளைகளோ தெரியாது, வந்து அள்ளிவிட்டு, கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள் என்றார் ஒரு அம்மா.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று நான் எழுத வரவில்லை. ஒரு மண்டபத்தில் இரண்டு மாதம் இருந்தால் சண்டை வரும். இறைச்சி சமைப்பதா இல்லையா என்று வந்திருக்கிறது. குழாயடியில் யார் முதலில் என்று வந்திருக்கிறது. நிவாரணப் பதிவுக்கு வந்தவர் ஒரு மொழியில் மட்டும் பேசியதால், மற்றவர்கள் தங்கள் பெயர் விடுபட்டுவிட்டது என்று பயந்து இரவு முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு முஸ்லிம் பிள்ளை, உயர்தரம் படிக்கிறவள், எல்லார் படிவத்தையும் தானே நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து மண்டபத்தின் 'கச்சேரி' அவள்தான்.

எங்கள் பொட்டலங்களைப் பிரித்தபோது முதலில் கை போனது பூட்டுக்கும் மறைப்புத் துணிக்கும். ஒரு சிங்கள அம்மா அந்தத் தடித்த துணியை விரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தொட்டார். ஒடியல் மாவைத்தான் யாருக்கும் தெரியவில்லை. "இது என்னங்க, மரவள்ளி மாவா? ஒரு வாடை வருதே!" என்று லயத்துப் பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். அன்று இரவு எங்கள் கருவாட்டைப் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினோம். பிள்ளைகள் இரண்டாவது தரம் கேட்டார்கள். பெரியவர்கள் மரியாதைக்கு ஒரு கோப்பை குடித்தார்கள்.

படம் இல்லாத வீடு

நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று அந்தச் சிங்கள அம்மா கேட்டார். முஸ்லிம் பிள்ளை சொன்னாள். கிளிநொச்சி என்ற பெயரைக் கேட்டதும் அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

அவருடைய மூத்த மகன் இராணுவத்தில் இருந்தவன். 2006ஆம் ஆண்டு முகமாலையில் செத்துப்போனான். வயது 22. வீட்டுச் சுவரில் அவனுடைய படம் ஒன்று, கண்ணாடிச் சட்டத்தில், சீருடையோடு. மண்சரிவில் வீடு போனபோது எல்லாம் போயிற்று. அடுப்பு, அலுமாரி, மாடு, எல்லாவற்றையும் விட அந்தப் படத்தைத்தான் அவர் மண்ணில் கிண்டித் தேடினாராம். கிடைக்கவில்லை. "இப்போது கண்ணை மூடினால் அவன் முகம் சரியாக வருகுதில்லை" என்று சொன்னதாக அந்தப் பிள்ளை எங்களுக்குச் சொன்னாள்.

எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. படமில்லாத வீடுகள் எங்களுக்குத் தெரியும். 2009இல் பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்கு ஓடியபோது அல்பத்தையா தூக்கினோம்? என் கணவரின் படம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதுவும் மச்சாளின் கலியாண அல்பத்தில் பந்தியில் பின்னால் நிற்பதைப் பெரிதாக்கி எடுத்தது. கண் கொஞ்சம் மங்கல்.

பாரதிபுரத்து அக்காதான் பேசினார். "அம்மாட்டச் சொல்லு பிள்ளை. சொந்தக்காரற்றை கலியாணப் படங்களைக் கேட்டுப் பாக்கச் சொல்லு. கூடப் படிச்ச பெடியளிட்டையும் இருக்கும். இல்லாட்டி, மகன் இருந்த படைப்பிரிவின்ர அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடச் சொல்லு. அவங்கட கோப்பில கட்டாயம் படம் இருக்கும்."

பிள்ளை மொழிபெயர்த்தாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த யோசனை அவருக்கு வந்திருக்கவில்லை. உடனே கொப்பி வந்தது. பிள்ளை சிங்களத்தில் கடிதத்தை எழுதினாள். இறந்தவரின் பெயர், இலக்கம், திகதி. இலக்கத்தை அந்த அம்மா மனப்பாடமாகச் சொன்னார்.

காணாமற்போன தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இருந்தாள். கடிதத்தை எழுதி முடிக்கும் வரை அவள் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கதையை அவள் அன்று சொல்லவில்லை. மற்ற நாள் காலை, பாத்திரம் கழுவும்போது, அந்த அம்மாவே கேட்டிருக்கிறார். 'அக்கா' என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே. மீதியைக் கையால் பேசியிருக்கிறார்கள்.

'எங்கங்க போறது?'

லயத்துப் பெண்களின் கவலை வேறு. ஒருத்தியின் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு. சிவப்பு அறிவித்தல் ஒட்டியாயிற்று, அங்கே இருக்கக்கூடாது. ஆனால் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அதனால் பகலில் அதே மலையில் கொழுந்து பறித்துவிட்டு, இரவில் மண்டபத்துக்கு வருகிறாள். பிந்திப் போனால் அரைப்பேர். 'பெரட்டு', 'காம்பரா', 'அரைப்பேர்' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் பாரதிபுரத்து அக்காவின் முகம் மாறியது. அவருடைய தாய் சாகும்வரை பேசிய சொற்கள் அவை.

வீடு முற்றாக அழிந்தவர்கள் புதிய வீடு கட்ட 50 இலட்சம் ரூபாய் வரையும், சேறு புகுந்த வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாயும் என்று அரசாங்கம் 2025 டிசம்பரில் அறிவித்தது. நல்ல அறிவித்தல்தான். ஆனால் லயத்துக் காம்பரா அதில் நான்கு தலைமுறையாக இருப்பவளின் பெயரில் இல்லை. நிலமும் இல்லை. தோட்டங்களின் முகாமை 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுப் பழகிய கணக்குத்தான் அவர்களுக்கு. "வீடு யாருடையதுன்னு பாரத்துல கேட்டிருக்காங்க. என்னன்னு எழுதுறது?" என்று அவள் கேட்டாள்.

மலையகத்தார் வடக்குக் கிழக்குக்கு வந்து குடியேறலாம் என்று அந்த நாட்களில் அரசியல்வாதிகள் சிலர் அழைத்தார்கள். அந்தப் பேச்சு மண்டபத்துக்கும் வந்திருந்தது. "அங்க வந்தா காணி குடுப்பாங்களா அக்கா? உண்மையைச் சொல்லுங்க" என்று லயத்துப் பெண் கேட்டாள். கேட்டது பாரதிபுரத்து அக்காவைத்தான்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தாய் தகப்பன் வந்ததைச் சொன்னார். காடு வெட்டியதை, மலேரியாவை, கிணறு வெட்டியதைச் சொன்னார். வன்னியிலும் 'தோட்டக்காட்டார்' என்று பேசியவர்களைச் சொன்னார். பிறகு போர் வந்ததையும், இரண்டு அண்ணன்மார் போனதையும், காணிப் பத்திரம் கையில் கிடைக்க எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சொன்னார். எங்கள் ஊர்க்காரர் நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

"வாறதெண்டால் வா பிள்ளை. எங்கட வளவுக்குள்ள ஒரு கொட்டில் போட இடம் தருவன்" என்றார் கடைசியில். "ஆனா பயந்து ஓடி வராதை. எங்கட அம்மா பயந்து ஓடி வந்தவ. சாகும்மட்டும் திரும்பிப் பாத்துக்கொண்டே இருந்தவ. முதல்ல இஞ்சை உனக்கு உரியதைக் கேள். அதைக் கேட்டு வாங்கினாப் பிறகு, விருப்பமெண்டால் வா."

அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே இந்தப் பயணம் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நாள் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரையும், அதன் கீழ் 'நான்கு தலைமுறையாக வசிப்பவர்' என்று தன் பெயரையும் அவள் எழுதினாள். கிராம உத்தியோகத்தர் அதை வாங்கி வைத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

நகரத்தில் அரை நாள்

திரும்பும் நாளில் கண்டி நகரைச் சுற்றிப் பார்த்தோம். நடுவில் வாவி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வெட்டத் தொடங்கியது. நாயக்க வம்சத்து அந்த மன்னனை 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு நாடு கடத்தினார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்ப முடியாமற்போனவர்களில் ராஜாக்களும் உண்டு.

தலதா மாளிகைக்குப் பக்கத்தில் பத்தினி தேவாலயம். உள்ளே போனபோது எங்களில் முல்லைத்தீவுக்காரி ஒருத்தி சட்டென்று நின்றுவிட்டாள். சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று கும்பிடுவது எங்கள் கண்ணகியைத்தான். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கும் அதே அம்மன். கணவனை அநியாயமாகப் பறிகொடுத்து நியாயம் கேட்டவளை இரண்டு சனமும் தெய்வமாக்கி வைத்திருக்கிறார்கள். கையில் தாமரைப் பூத்தட்டோடு வெள்ளைச் சேலை கட்டிய அம்மாமார் வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். கட்டுக்கலைப் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு வானில் ஏறினோம்.

அறிந்து வைப்போம்

மலைநாட்டில் உறவினரோ பிள்ளைகளோ இருக்கும் வாசகிகளுக்காக, அங்குள்ளவர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தவற்றை எழுதுகிறேன்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம் தேவை. 100 ஆனால் ஆபத்து நெருங்குகிறது. 150 ஆனால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தால், யாரும் சொல்லும்வரை காத்திராமல் வெளியேற வேண்டும். நேர்ப்பக்கமுள்ள ஒரு பாத்திரத்தை வெளியே திறந்த இடத்தில் வைத்து, அடிக்கோலால் அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும். 75 மில்லிமீற்றர் என்பது ஏழரைச் சென்ரிமீற்றர்.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரமும் கம்பமும், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு ஜன்னல், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்றில் கலங்கல் நீர், ஓடிய ஊற்று சட்டென்று நிற்பது ஆகியவை மலை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. டித்வா நேரத்தில் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற குறை பலராலும் சொல்லப்பட்டது. ஆகவே தமிழில் தகவல் வரும்வரை பார்த்திருக்காமல், சிங்களம் தெரிந்த அயலவரின் தொலைபேசி இலக்கத்தை வைத்திருப்பதும் உயிர் காக்கும்.

அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒரு குடும்பப் படத்தையும் அந்தப் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள். படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து வெளியூரிலுள்ள ஒருவருக்கு அனுப்பியும் வையுங்கள். இதைச் சொல்லச் சொன்னது அந்தச் சிங்கள அம்மா.

போன மாதம் அந்த முஸ்லிம் பிள்ளை தொலைபேசியில் பேசினாள். பதினேழு குடும்பங்களில் ஒன்பது மண்டபத்தை விட்டுப் போய்விட்டன. லயத்துப் பெண் இன்னும் அங்கேதான். கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது, படமும் வந்திருக்கிறது. சின்ன அளவுதான், ஆனால் முகம் தெளிவு. அந்த அம்மா அதைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறாராம். பாரதிபுரத்து அக்கா புழுக்கொடியல் இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறார். அடுத்த முறை யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்துவிட.